கேரள லாட்டரி டிக்கெட்: மூன்று தடைக்காலத்து நோட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் கேரள லாட்டரி வாங்க ஆரம்பித்து மூன்று மீன்பிடித் தடைக்காலம் ஓடிவிட்டது. 2023, 2024, 2025. மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்தான். அந்தப் பழக்கத்தில் வாங்கிய ஒவ்வொரு டிக்கெட்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். என்ன தேதி, எத்தனை ரூபாய், விழுந்ததா, விழுந்தால் எவ்வளவு. "வாங்கலாமா அக்கா?" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன். அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பாம்பன். பாசி எடுக்கப் போகிறவள். மாதத்தில் பன்னிரண்டு நாள் போல கடல். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி எடுக்கிற வேலை. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் படகு எடுக்கக் கூடாது. அந்த நாட்களில் நாங்களும் பாசிக்குப் போவதில்லை. அரசாங்கம் தருகிற நிவாரணத்தை மட்டும் வைத்து இரண்டு மாதம் ஓட்ட முடியாது. கேரளத்தில் டிராலிங் தடை, அதாவது இழுவலைத் தடை, ஜூன் இரண்டாவது வாரம்தான் தொடங்கும். அதனால் நம் ஆட்கள் பலர் மதுரை, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போய், நீண்டகரையில் அங்குள்ள படகுகளில் ஏறுவார்கள். எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் போகிறார். லாட்டரி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அந்த வழியில்தான்.

மலையைத் தாண்டி ஆரியங்காவில் பஸ் நின்றதுமே லாட்டரிக் கடைகள். நம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காகவே தமிழில் போர்டு எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். நீண்டகரையில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஒரு பெரியவர் விற்கிறார். கால் நடக்க முடியாதவர். ஸ்கூட்டரின் முன்னால் பலகை வைத்து, டிக்கெட்டுகளைக் கிளிப்பில் வரிசையாகக் கோத்திருப்பார். "நாளெயாணு, நாளெயாணு" என்று அவர் கூப்பிடுகிற குரல் காலையில் படகு வந்து சேரும்போதே கேட்குமாம். நாளைக்குக் குலுக்கல் என்று அர்த்தம். நம் ஆட்களைப் பார்த்தால் "அண்ணாச்சி, ஒண்ணு எடுக்கு" என்பார். 2025 மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் நானும் பத்து நாள் அங்கே போயிருந்தேன். அவரிடம் நின்று பேசியிருக்கிறேன். வீடு கட்டியது, மகளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் டிக்கெட் விற்ற கமிஷனில்தான் என்றார். ஒருத்தர் முன்னும் கை நீட்டவில்லை என்று அவர் சொன்னபோது முகத்தில் இருந்த கௌரவத்தை நான் மறக்க மாட்டேன். லாட்டரியைத் திட்டுகிறவர்கள் இந்த ஆட்களையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். கேரளத்தில் இவர்களுக்கென்று நல நிதி வாரியமே இருக்கிறது.

சரி, டிக்கெட். உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான காகிதம். வண்ணம் வண்ணமாக அச்சு. மேலே லாட்டரியின் பெயர், இரண்டு ஆங்கில எழுத்து, பின்னால் ஆறு இலக்க எண், பார்கோடு. வாரத்தின் ஏழு நாளும் ஏழு பெயரில் குலுக்கல். செவ்வாய் ஸ்த்ரீ சக்தி, வியாழன் காருண்யா பிளஸ், சனி காருண்யா என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. விலை 40 ரூபாயாக இருந்தது. 2025 மே மாதத்திலிருந்து 50. முதல் பரிசு இப்போது எல்லா நாளும் ஒரு கோடி. இது போக ஓணம், விஷு, கிறிஸ்துமஸ் என்று பம்பர். 500 ரூபாய் ஓணம் பம்பருக்கு 25 கோடி முதல் பரிசு. 2023-இல் அந்த 25 கோடி விழுந்தது நம் தமிழ்நாட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிய டிக்கெட்டுக்கு. அந்தச் செய்தி வந்த வாரம் பாம்பன் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை.

காகிதத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். ஈரம் தாங்காது. கடல் வேலைக்காரர்களின் சட்டைப் பையில் எது வைத்தாலும் நனையும். முதல் வருஷம் அவர் ஊருக்கு வந்தபோது சட்டையை ஊறப்போட்டேன். துவைக்கும்போது பையில் ஏதோ கொழகொழவென்று கையில் வந்தது. விரித்துப் பார்த்தால் மூன்று டிக்கெட், ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கஞ்சியாக. எண்ணில் பாதி என் கட்டைவிரலோடு வந்துவிட்டது. பழுதான டிக்கெட்டுக்குப் பரிசு கேட்க முடியாது. அந்த மூன்றில் எதற்காவது விழுந்திருக்குமோ என்று அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம்தான் மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிக் கொடுத்தேன். டிக்கெட்டை வாங்கிய உடனே பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கையெழுத்து இல்லாத டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவர் சொந்தம் கொண்டாடலாம்.

குலுக்கல் மத்தியானம் மூன்று மணிக்கு, திருவனந்தபுரம் பேக்கரி ஜங்ஷன் பக்கத்தில் கோர்க்கி பவனில் நடக்கிறது. நேரலையில் போனிலேயே பார்க்கலாம். நான் நீண்டகரையில் இருந்த பத்து நாளும் பார்த்தேன். ஆட்கள் கண் முன்னால் எந்திரம் சுற்றி எண் விழுகிறது. மறுநாள் பேப்பரில் முழுப் பட்டியல் வரும். ஒளிவு மறைவு என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. இந்த விஷயத்தில் கேரள அரசாங்கத்துக்கு முழு மார்க் கொடுக்கிறேன். 1967-இல் தனி இலாகா தொடங்கி, 1968 குடியரசு தினத்தன்று முதல் குலுக்கல் நடத்தியவர்கள். அன்றைக்கு டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அன்றிலிருந்து இன்று வரை அரசாங்கமே நடத்துகிறது.

ஆனால் ஒளிவு மறைவு இல்லை என்பதும், நமக்கு விழும் என்பதும் வேறு வேறு. எங்கள் வீட்டில் இதைப் புரியவைக்கத்தான் எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ஒரு வாரக் குலுக்கலுக்கு 12 வரிசை எழுத்து. ஒவ்வொன்றிலும் 1,00,000-லிருந்து 9,99,999 வரை, அதாவது 9 லட்சம் எண். முழுதாக அச்சடித்தால் 1 கோடியே 8 லட்சம் டிக்கெட். அதில் ஒன்றுக்கு ஒரு கோடி. 2011 கணக்கெடுப்பில் நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஜனம் 13 லட்சத்து 53 ஆயிரம் சொச்சம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, தனுஷ்கோடியிலிருந்து பரமக்குடி வரை, கைக்குழந்தை முதல் கிழவி வரை இருக்கிற அத்தனை பேரையும் எண்ணி, அதைப்போல எட்டு மடங்கு ஆட்களை நிறுத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தரைத் தொட வேண்டும். இப்படிச் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் பேசாமல் இருந்தார்.

ஒரு கோடியும் முழுசாக வராது. ஏஜெண்ட் கமிஷன் போகும், பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 90 லட்சத்தில் 30 சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள், அது 27 லட்சம். கையில் 63 லட்சம். அப்புறம் சர்சார்ஜ், செஸ் என்று தனியாகக் கட்ட வேண்டியது இருக்கிறது. நாம் டிக்கெட் வாங்கும்போதே ஜி.எஸ்.டி.யும் அதற்குள் அடக்கம். 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22-லிருந்து 40 சதவீதம். கணக்குப் போட்டால் 50 ரூபாய் டிக்கெட்டில் 14 ரூபாய்க்கு மேல் வரி. குலுக்குவதற்கு முன்னாலேயே அந்தக் காசு போய்விட்டது.

என் நோட்டு என்ன சொல்கிறது என்று இப்போது எழுதுகிறேன். 2023-இல் 38 டிக்கெட், 1,520 ரூபாய். விழுந்தது ஒரே ஒரு 100 ரூபாய். 2024-இல் 40 டிக்கெட், 1,600 ரூபாய். அந்த வருஷம்தான் கடைசி நாலு எண் ஒத்துப்போய் 5,000 விழுந்தது, கூட ஒரு 100. அன்றைக்கு ராத்திரி போனில் அவர் குரல் நடுங்கியது இன்னும் காதில் இருக்கிறது. "கொடுத்து வச்சவடி நீ" என்றார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிற நேரம்.

5,000 ரூபாய் வரையிலான பரிசைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால்தான் லாட்டரி அலுவலகத்துக்கு அலைய வேண்டும், குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் போக வேண்டும். சரி, கடைக்குத்தானே என்று இவர் ஊருக்கு வருகிற வழியில் ஒரு கடையில் டிக்கெட்டை நீட்டியிருக்கிறார். கடைக்காரர் 4,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு 25 டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டார். "கைராசியான ஆள் நீங்க, இதிலயும் விழும்" என்று சொன்னாராம். இவருக்கு வாய் வரவில்லை. பஸ் கிளம்பப் போகிறது, மொழி தெரியாத ஊர். அந்த 25-இல் ஒன்றுகூட விழவில்லை. அந்த 1,000 ரூபாயில் பெரியவனுக்குப் பை, ஷூ இரண்டும் வந்திருக்கும். கடையின் பெயரை நான் எழுதவில்லை. எல்லாக் கடையும் அப்படி இல்லை என்றும் கேள்விப்படுகிறேன். ஆனால் பரிசுப் பணத்தை ரூபாயாகவே கேட்டு வாங்குங்கள். மிச்சத்துக்கு டிக்கெட் என்றால் டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

5,000 விழுந்ததுதான் எங்களைப் பிடித்த சனி. அடுத்த வருஷம் ஒன்று எடுக்கிற இடத்தில் மூன்று எடுத்தார். கரையில் இருந்த 42 நாளில் 126 டிக்கெட். அதற்கு 6,140 ரூபாய். போதாததற்கு 300 ரூபாய் விஷு பம்பர் ஒன்று. வந்தது 700. கடைக்காரர் தலையில் கட்டிய 25 டிக்கெட்டின் 1,000 ரூபாயையும் சேர்த்து மூன்று வருஷத்தையும் கூட்டினால் போட்டது 10,560, வந்தது 5,900. 4,660 ரூபாய் நஷ்டம். பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்வார்கள். பாசி எடுக்கிற எனக்கு அது எத்தனை முங்கு என்று எனக்குத்தான் தெரியும்.

அந்தக் காசு எங்கே போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம். 2011-இல் கே.எம்.மாணி நிதி அமைச்சராக இருந்தபோது காருண்யா என்று லாட்டரி தொடங்கி, புற்றுநோய், சிறுநீரகம், இதயம், ஹீமோபீலியா இந்த வியாதிக்காரர்களின் வைத்தியத்துக்கு அந்த வருமானத்தை ஒதுக்கினார்கள். அது கேரளத்து ஏழைகளுக்கான உதவி. பாம்பன்காரிக்குக் கிடைக்காது. ஆனாலும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு ஆளுக்கு டயாலிசிஸ் நடந்திருக்கும் என்று நினைத்தால் அந்த 4,660 ரூபாயில் பாதியாவது எனக்கு வலிக்கவில்லை.

இந்தியா முழுவதற்கும் ஒரே லாட்டரி என்று எதுவும் கிடையாது. மாநிலங்கள்தான் நடத்துகின்றன. 1998-இல் வந்த மத்திய சட்டப்படி டிக்கெட்டை மாநில அரசே அச்சடிக்க வேண்டும், குலுக்கலை அந்த மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும், பணம் அரசுக் கணக்குக்கு வர வேண்டும். வேண்டாம் என்கிற மாநிலம் வெளி மாநில டிக்கெட்டைத் தடுத்துக்கொள்ளலாம். கடலுக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை. மண்டபம் அகதி முகாமில் எனக்குத் தெரிந்த ஒரு ஆச்சி இருக்கிறார், மன்னார்க்காரர். "பிள்ளை, அங்க லொத்தர் எண்டா சின்னப் பெடியனுக்கும் தெரியும்" என்பார். இலங்கையில் 1963 முதல் தேசிய லொத்தர் சபை நடக்கிறது. அந்த டிக்கெட் நாடு முழுக்க விற்கும். ராசிச் சின்னம் போட்ட டிக்கெட்கூட உண்டு. மகாபொல என்று பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத் தருகிற உதவித்தொகைக்கும் லொத்தர் பணம் போகிறது. ஆச்சி கடைசியாக லொத்தர் வாங்கியது படகேறி இங்கே வருவதற்கு முந்தின வாரம். அந்த முடிவைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் ஊரிலும் இருந்ததுதான். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968-இல் தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பார்கள். என் அப்பா அந்த வாசகத்தைப் பாட்டு மாதிரி சொல்வார். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதல் வேலை லாட்டரிக் கடைதான். மைக் வைத்து எண் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கடைசிக் காலத்தில் தமிழ்நாட்டுச் சீட்டு மட்டும் இல்லை, பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று எந்தெந்த ஊர்ச் சீட்டோ வந்து குவிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை குலுக்கல் என்றே யாருக்கும் தெரியாது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. அன்றைக்கு எங்கள் அம்மா அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாகச் சீட்டு. ரப்பர் உருகிக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. அப்பா குடிக்காதவர், பீடி தொடாதவர். அந்தக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வலை வாங்கியிருக்கலாமே என்றுதான் அம்மா அழுதார்கள்.

அதனால் தமிழ்நாட்டில் தடை இருப்பது சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் தடை வந்ததும் ஆசை போய்விடவில்லை. இப்போது மூணு நம்பர் என்று ஒன்று ஓடுகிறது. கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்ணை முன்கூட்டியே சொல்லிப் பணம் கட்டுவது. இதற்கும் கேரள அரசாங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டிக்கெட் கிடையாது. ஒரு துண்டுச் சிட்டையில் மூன்று எண், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. விழுந்தால் தருவார்களா என்பதற்கு அந்த ஆளின் வாய் வார்த்தைதான் ஜாமீன். தராவிட்டால் போலீசுக்கும் போக முடியாது, கட்டியதே குற்றம். காலையில் கூலி வாங்கி, மூன்று மணிக்குள் அத்தனையையும் கட்டிவிட்டு, நாலு மணிக்குக் கடன் கேட்டு வருகிற பையன்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த மூணு நம்பரால் ஒரு குடும்பமே போனது. கேரள டிக்கெட்டை இங்கே ஒளித்து வைத்து விற்பதும், போனில் அனுப்புகிறேன் என்பதும் இதே வகைதான். கேரள லாட்டரிக்கு ஆன்லைன் விற்பனையே கிடையாது. கையில் காகிதம் இல்லையென்றால் அது லாட்டரி இல்லை. தயவுசெய்து தொடாதீர்கள்.

இதற்கு நடுவில் எங்கள் குழுவின் குலுக்குச் சீட்டு. அதற்கும் சீட்டு என்றுதான் பெயர். 20 பேர், ஆளுக்கு மாதம் 500. ஐந்தாம் தேதி சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். எவர்சில்வர் சொம்பில் பெயர் எழுதிச் சுருட்டிய துண்டுகள். குலுக்கும்போது சொம்புக்குள் காகிதம் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும், அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். பெயர் வந்தவளுக்கு 10,000. அவள் துண்டு அடுத்த மாதம் சொம்பில் இருக்காது. எனக்குப் பதினேழாவது மாதம்தான் வந்தது. பதினாறு மாதம் வேறு பெயர் வரும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது, லாட்டரி பார்க்கிற மாதிரியேதான். ஆனால் வந்தது நான் கட்டிய காசு முழுசாக. இதிலும் சங்கடம் உண்டு. மூன்றாவது மாதமே எடுத்த ஒருத்தி தடைக்காலத்தில் கட்ட முடியாமல் நின்றாள். இரண்டு மாதம் மற்றவர்கள் சேர்ந்து போட்டோம். ஆகஸ்டில் கடல் கொடுத்ததும் கொண்டு வந்து கட்டிவிட்டாள்.

மார்க் போட வேண்டும் என்றால், கேரள டிக்கெட்டின் நேர்மைக்கு ஐந்துக்கு நாலு. கட்டுப்படியாகுமா என்பதற்கு ஒன்று. அந்த ஒன்றும் மூன்று சக்கர ஸ்கூட்டர் பெரியவருக்காக. மூணு நம்பருக்கு மார்க் போடவே மாட்டேன்.

இந்த வருஷம் வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை காருண்யா மட்டும், அதுவும் அந்தப் பெரியவரிடம்தான். போன வருஷம் மூன்று மூன்றாக எடுத்த காசில் மிச்சமாகிறதை வைத்து, அவர் பெயரிலும் ஒரு சீட்டு போட்டாயிற்று. ஏப்ரல் 15 ராத்திரி மதுரை பஸ் ஏறுகிறார். பையில் லுங்கி, போர்வை, கருவாட்டுப் பொட்டலம், மூடி இறுக்கமான டப்பா. டப்பாவுக்குள் ஒரு பேனாவும் போட்டிருக்கிறேன், பின்பக்கம் கையெழுத்துப் போட.